திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு, தோட்டக்காரருக்கு?

சென்னை கதீட்ரல் சாலையில் எதிரெதிரே இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. ஒன்று, டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா. சுமார் 20 ஏக்கர். அன்றைய செலவு ஏறக்குறைய ரூ.8 கோடி. இன்னொன்று, 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. 6 ஏக்கர் சொச்சம்; செலவு ஏறக்குறைய ரூ.46 கோடி. இரண்டையும் அமைத்தது தோட்டக்கலைத் துறைதான். ஏக்கருக்கு ரூ.40 லட்சமாக இருந்த செலவு, 14 ஆண்டுகளில் ரூ.7.5 கோடி ஆகிவிட்டது. இந்த இடைவெளியில் விலைவாசி இரண்டரை மடங்கு ஏறியதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு ஒரு கோடிதான் வரும். மீதி ஆறரைக் கோடி எதற்கு?

விடை பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. 500 மீட்டர் ஜிப்லைன், இசை நீரூற்று, கண்ணாடி மாளிகை, பறவையகம், செயற்கை அருவி. மண்ணும் மரமும் மட்டும் கேட்கும் பணம் அல்ல இது. இரும்பும் கண்ணாடியும் மோட்டாரும் சேர்ந்து கேட்கும் பணம். கோவை காந்திபுரத்தில், மத்திய சிறை மைதானத்தில் 2025 நவம்பரில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவின் கணக்கும் இதே வழியில்தான் செல்கிறது: 45 ஏக்கர், ரூ.208.50 கோடி. அந்தப் பூங்கா 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே 15 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பெரிய பூங்காக்களே கூடாது என்பதல்ல வாதம். கோடையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போக நகரத்துக்குள் ஓர் இடம் வேண்டும். அதற்கு மக்கள் திரள்வதைப் பார்க்கிறோம். ஆனால், ‘பூங்காக்களுக்கு நிதி இல்லை’ என்று உள்ளாட்சி அமைப்புகள் சொல்லும்போது இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பூங்கா கட்டப் பணம் கிடைக்கிறது. கட்டிய பூங்காவைக் காக்கத்தான் ஏற்பாடு இல்லை. பற்றாக்குறை என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் பணத்தைப் பிரித்துத் தரும் முறையில் உள்ள கோளாறு.

கட்டப் பணம், காக்கப் பணமில்லை

எந்த ஊரின் வார்டு பூங்காவும் ஏறக்குறைய ஒரே வாழ்க்கையைத்தான் வாழ்கிறது. திறப்பு விழா, கல்வெட்டு, புகைப்படம். முதல் ஆண்டு புல் பச்சையாக இருக்கும். இரண்டாம் ஆண்டு போர்வெல் மோட்டார் பழுதாகும். சரிசெய்ய மதிப்பீடு போட்டு, கோப்பு மண்டல அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் புல் காய்ந்துவிடும். மூன்றாம் ஆண்டு ஊஞ்சல் சங்கிலி அறுந்திருக்கும், சறுக்குப் பலகையில் ஓட்டை விழுந்திருக்கும், கழிப்பறைக்குப் பூட்டு போட்டிருக்கும். இரவில் விளக்கு எரியாது. பெண்கள் மாலை நடைப்பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் ‘பூங்கா மறுசீரமைப்பு’ என்ற பெயரில் புது டெண்டர் வரும். பழைய பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டுப் புதிய பேவர் பிளாக் பதிப்பார்கள். புதிய உடற்பயிற்சிக் கருவிகள் வரும். மறுபடியும் கல்வெட்டு.

இதற்கு யாருடைய சோம்பேறித்தனமும் முதல் காரணம் அல்ல. உள்ளாட்சி நிதியின் அமைப்பே இப்படித்தான் இருக்கிறது. பூங்காவுக்கு வரும் பெரும்பாலான பணம் மூலதனச் செலவுக்கானது. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய அம்ருத் திட்டத்தில், பூங்காக்களுக்கும் பசுமை வெளிகளுக்கும் திட்ட ஒதுக்கீட்டில் 2.5% வரை செலவிடலாம் என்று இடம் கொடுத்தார்கள். ‘பொலிவுறு நகரங்கள்’ திட்டத்திலும் பணம் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி, நிலைத்த சொத்துகளை உருவாக்கவே ஏற்படுத்தப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் நிதியும் கவுன்சிலர் நிதியும் கண்ணுக்குத் தெரியும் பணிகளுக்கே போகின்றன. இந்தக் கணக்குகளிலிருந்து ஊஞ்சல் வாங்கலாம். ஊஞ்சலுக்கு எண்ணெய் விடும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

அந்தச் சம்பளம் மாநகராட்சியின் வருவாயிலிருந்து வர வேண்டும். சொத்து வரியும் தொழில் வரியும்தான் அதன் முதுகெலும்பு. அந்தப் பணத்தின் மீது முதல் உரிமை ஊழியர் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும். அடுத்து குப்பை, தெருவிளக்கு, கடன் வட்டி. பூங்காவின் முறை வரும்போது மிஞ்சுவது குறைவு. கல்யாணத்துக்குக் கடன் வாங்கி ஊரையே அழைத்துவிட்டு, மறுமாதம் அரிசி வாங்கக் கைமாற்றுக் கேட்கும் குடும்பத்தின் நிலைதான் நம் நகராட்சிகளுக்கு.

இதைவிட மோசமான ஒன்றும் இந்த முறைக்குள் ஒளிந்திருக்கிறது. நன்றாகப் பராமரிக்கப்படும் பூங்காவுக்குப் புதிதாகப் பணம் வராது. பாழாய்ப்போன பூங்காவுக்குத்தான் மறுசீரமைப்பு நிதி வரும். ஆக, காப்பாற்றுகிறவருக்கு எதுவும் இல்லை, கைவிடுகிறவருக்குப் பரிசு. ஒரு பொறியாளரோ கவுன்சிலரோ எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு அவரைத் தவறான திசையில்தான் இழுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் வார்டு பூங்காவுக்கு இரண்டு தோட்டக்காரர், ஒரு காவலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் தலா ரூ.20,000 என்றால் ஆண்டுக்கு ரூ.7.2 லட்சம். தண்ணீர், மின்சாரம், சிறு பழுதுக்குச் சேர்த்து ரூ.10 லட்சம் என்று முடிக்கலாம். ரூ.46 கோடியை 7% வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு ரூ.3.22 கோடி வரும். அசலில் கை வைக்காமலேயே இதுபோன்ற 32 பூங்காக்களை ஆண்டுதோறும் காப்பாற்ற அது போதும். எந்த அரசும் இப்படி வட்டிக்குப் போடப்போவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால், ஒரு பெரிய பூங்காவின் விலையில் எத்தனை சின்னப் பூங்காக்களின் உயிர் அடங்கியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

பராமரிப்புக்குப் பணம் இருக்கும் இடங்களிலும் அது செலவாகும் விதம் கவலை தருகிறது. நிரந்தரத் தோட்டக்காரர் ஓய்வுபெறும்போது அந்த இடத்துக்கு ஒப்பந்ததாரர் வருகிறார். ஒப்பந்தத்தில் எத்தனை ஆள், எத்தனை முறை தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒருமுறை புல்வெட்டு என்று எழுதியிருக்கும். எந்த மரத்தை எப்போது கவாத்து செய்வது, எந்தச் செடியை எப்படிப் பதியம் போடுவது என்பதை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது. ஒரே மண்ணில் பல ஆண்டுகள் வேலை பார்த்த கைக்குத்தான் அது தெரியும். மலிவான டெண்டருக்குப் போகும்போது நாம் முதலில் இழப்பது அந்தக் கையை.

ஒரு பூங்கா, பல எஜமானர்கள்

1992-ல் நிறைவேறிய அரசமைப்புச் சட்டத்தின் 74-வது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கியது. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவை அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அப்படியென்றால் சென்னையின் பூங்காக்கள் மாநகராட்சியிடம் இருக்க வேண்டும். நடைமுறையில் கதீட்ரல் சாலைப் பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம் இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா வனத் துறையிடம். இவை தவிர வீட்டுவசதி வாரியம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ), நெடுஞ்சாலைத் துறை என்று ஆளுக்கொரு துண்டுப் பசுமை.

வனத்துக்கும் கழிமுகத்துக்கும் தனி நிபுணத்துவம் தேவை. அவற்றைத் தனி அமைப்புகள் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், இந்த நகரத்துக்கு எத்தனை ஏக்கர் பூங்கா இருக்கிறது, எந்தப் பகுதியில் இல்லை, அடுத்த பூங்கா எங்கே வர வேண்டும் என்று ஒட்டுமொத்தமாகப் பார்க்கும் மேசை ஒன்றுகூட இல்லை. காலி நிலம் எங்கே கிடைக்கிறதோ அங்கே பூங்கா வருகிறது. பெரிய நிலம் கிடைக்கும் இடத்துக்குப் பெரிய பணமும் போகிறது. ஏற்கெனவே மரங்களும் அகலமான சாலைகளும் உள்ள பகுதிகளில் பூங்கா மேல் பூங்கா சேர்கிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற நெருக்கமான வட சென்னைத் தெருக்களில், வீட்டு வாசலே குழந்தைகளின் விளையாட்டுத் திடலாக இருக்கிறது.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிமுறைகள், நகரில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கின்றன. சென்னை அதன் பக்கத்தில்கூட இல்லை. 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோ மீட்டரிலிருந்து 426 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் சாலையும் கழிவுநீர்க் குழாயும்தான் முதல் தேவைகளாக நின்றன; பூங்கா வரிசையில் பின்னுக்குப் போனது இயல்பு. 2026 முதல் 2046 வரைக்குமான, சென்னைப் பெருநகரின் மூன்றாம் பெருந்திட்டம் இந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய இடம். நிலத்துக்கு வண்ணம் பூசும் வரைபடத்தோடு அது நின்றுவிடக் கூடாது. எந்த வார்டில் எத்தனை பேருக்கு, நடந்து போகும் தூரத்தில் பூங்கா இல்லை என்ற பட்டியல் அதில் இருக்க வேண்டும்.

காலி நிலமாகப் பார்க்கும் கண்

பூங்காவைத் திட்டமிடுவதில் நமக்கு உள்ள மிகப் பழைய சிக்கல் வேறு ஒன்று. அரசுக்கு எந்தக் கட்டிடம் தேவைப்பட்டாலும் முதலில் கண்ணில் படும் காலி நிலம் பூங்காதான்.

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 116 ஏக்கரில் ஒரு பூங்கா இருந்தது. ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் 1859-ல் திட்டமிட்ட பீப்பிள்ஸ் பார்க். குளங்கள், மைல்கணக்கில் பாதைகள், உயிரியல் பூங்கா என்று அன்றைய மதராஸின் பெருமையாக அது இருந்தது. விக்டோரியா பப்ளிக் ஹால் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் மாநகராட்சியே தன் தலைமையகமான ரிப்பன் மாளிகையை அங்கே திறந்தது. பிறகு விளையாட்டரங்கம், ரயில்வே விரிவாக்கம். தீப்பிடித்து எரிந்த மூர் மார்க்கெட்டின் இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. இவற்றில் எதுவுமே தேவையற்ற கட்டிடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு நியாயமும் சில ஏக்கரை எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா உள்ளிட்ட சில துண்டுகள்தான்.

இந்தக் கதை முடிந்துவிடவில்லை. ஷெனாய் நகரின் திரு.வி.க. பூங்கா மெட்ரோ ரயில் பணிக்காக 2011-ல் மூடப்பட்டது. சுரங்க நிலையத்தின் மேல் பூங்கா மீண்டும் அமைந்து மக்கள் கைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 2011-ல் ஐந்து வயதில் ஊஞ்சலாடிய குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பின் கடைசியை எட்டிவிட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகத் தியாகராய நகர் பனகல் பூங்காவின் ஒரு பகுதி எடுக்கப்பட்டிருக்கிறது. 1920-ஆம் ஆண்டின் மதராஸ் நகரத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு, நீதிக்கட்சி ஆட்சியில் உருவான குடியிருப்பு தியாகராய நகர். ஏரியைத் தூர்த்து நகரம் கட்டியவர்கள்கூட, நட்ட நடுவில் பூங்காவை வைத்து அதைச் சுற்றித்தான் தெருக்களை வரைந்தார்கள்.

மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல முடியாது. சாலைக்கு அடியில் நிலையம் தோண்ட, மேலே ஒரு திறந்த இடம் தேவைப்படுகிறது என்பதும் உண்மைதான். ஆனால், தனியார் நிலத்தை எடுத்தால் இழப்பீடு கொடுக்கும் சட்டம் இருக்கிறது. பூங்காவை எடுக்கும்போது அதை இழந்த மக்களுக்கு யார் இழப்பீடு கொடுக்கிறார்கள்? பத்தாண்டு மூடப்படும் பூங்காவுக்கு மாற்றாக அதே பகுதியில் ஒரு பள்ளி மைதானத்தையோ அரசு வளாகத்தையோ மாலை நேரத்தில் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்திருக்கலாம். பல ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரிந்திருக்காது.

சட்டமும் நீதிமன்றமும் பூங்காவின் பக்கம்தான் நிற்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பூங்காவுக்கான இடம் பூங்காவுக்குத்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையில் உள்ள பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் வரைபடத்தோடு பட்டியலிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் பெரும்பாலான ஊர்களில் இப்படியொரு சட்டம் இருப்பதையே யாரும் பேசுவதில்லை.

பத்து சதவீத நிலம்

புதிய பூங்காவுக்கு நிலம் வரும் வழி இன்னொன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதிகாரிகள் ஓஎஸ்ஆர் என்று சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவோ கட்டிட வளாகமோ வந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம்.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. நிலமாகத் தருகிறவர் எந்த மூலையைத் தருகிறார்? விற்க முடியாத முக்கோணம், மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம், உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் கிடக்கும் துண்டு போன்றவை பூங்காவாக வந்து சேர்ந்தால் அங்கே யார் போய் உட்காருவார்கள்? வேலி போடாமல் விட்டால் சில ஆண்டுகளில் அங்கே வண்டி நிறுத்துமிடமோ ஆக்கிரமிப்போ முளைக்கும், பிறகு வழக்கு. பணமாகக் கட்டும்போது சிக்கல் வேறு மாதிரி. வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ புதிதாகக் குடியேறிய ஐந்நூறு குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட பணம், அந்த ஐந்நூறு குடும்பங்களுக்கு ஒரு பூங்காவாகத் திரும்பி வந்ததா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. வார்டு வாரியாக அந்தக் கணக்கு பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். வந்த பகுதியிலேயே, பூங்கா நிலம் வாங்கவும் அமைக்கவும் காக்கவும் மட்டுமே அந்தப் பணம் செலவாக வேண்டும் என்று விதி வர வேண்டும். புதிய வரி எதுவும் போடாமலே கிடைக்கக்கூடிய பூங்கா நிதி இது.

நன்கொடையும் நுழைவுச் சீட்டும்

‘அரசிடம் பணம் இல்லையென்றால் தனியாரிடம் கேட்கலாமே’ என்பது அடுத்து வரும் யோசனை. மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒரு தனியார் நிறுவனம் ஏற்றுப் பராமரிப்பது சென்னையில் பலரும் அறிந்த நல்ல உதாரணம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணம் பூங்காவுக்கு வருவது நல்லதுதான். ஆனால், நிறுவனம் தன் பெயர்ப் பலகையை எங்கே மாட்ட விரும்பும் என்பதை யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் வெகுதூரம் போன நகரம் நியூயார்க். 1970-களின் நிதி நெருக்கடியில் அங்கே சென்ட்ரல் பார்க் புழுதிக்காடானது. 1980-ல் பணக்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு காப்பமைப்பைத் தொடங்கினார்கள். இன்று பூங்காவின் ஆண்டுச் செலவில் பெரும்பங்கை நன்கொடையாகத் திரட்டுவது அந்த அமைப்புதான். பூங்கா அற்புதமாக மீண்டது. 2012-ல் ஒரே ஒரு முதலீட்டாளர் 10 கோடி டாலர் கொடுத்தார். அதே நேரத்தில், பிராங்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளின் பூங்காக்களில் உடைந்த ஊஞ்சல்கள் உடைந்தபடியே கிடந்தன. பணக்காரப் பூங்கா அமைப்புகள் தம் நிதியில் 20 சதவீதத்தை ஏழைப் பூங்காக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மாகாண செனட்டர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2014-ல் நகர நிர்வாகம் வேறு வழியில் போனது. 20 ஆண்டுகளில் 2.5 லட்சம் டாலருக்கும் குறைவாக முதலீடு பெற்ற பூங்காக்களைப் பட்டியல் எடுத்தார்கள். அவற்றில் நெருக்கமும் வறுமையும் அதிகமுள்ள பகுதிகளின் 35 பூங்காக்களைத் தேர்ந்தெடுத்து 13 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது டாலர் கணக்கை அல்ல, அந்தப் பட்டியலை. யார் அதிகம் கேட்கிறார்கள், யார் தொகுதி, எங்கே அமைச்சர் வருவார் என்று பார்க்காமல், இத்தனை ஆண்டுகளில் யாருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பார்த்து நிதி ஒதுக்குவது. இதற்குத் தேவை ஒரு கணக்கெடுப்பும் அதை வெளியிடும் துணிவும்தான்.

நுழைவுக் கட்டணம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தபோது பெரியவர்களுக்கு ரூ.100, சிறியவர்களுக்கு ரூ.50 என்று வைத்தார்கள். பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் போனால் வாசலிலேயே ரூ.300. ஜிப்லைனுக்கும் பறவையகத்துக்கும் தனிக் கட்டணம். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, பொதுமக்களுக்கென்று சொல்லி அரசு மீட்ட நிலம் அது. இவ்வளவு இயந்திரங்களை ஓட்டவும் காக்கவும் வருமானம் வேண்டும் என்ற அரசின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால், அந்த வாதமே வடிவமைப்பின் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. காக்க முடியாத அளவுக்குச் செலவு பிடிக்கும் பூங்காவைக் கட்டினால், அதைக் காக்கும் பாரம் கூலித் தொழிலாளியின் குடும்பத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. கேளிக்கைக்குக் கட்டணம் வாங்குங்கள். மர நிழலில் நடக்கவும் உட்காரவும் கட்டணம் வாங்காதீர்கள். ஒரே வளாகத்தில் இரண்டையும் பிரித்து வைப்பது முடியாத காரியம் இல்லை.

மழைநீர் சொல்லும் வழி

பூங்காவை ‘அழகுபடுத்தல்’ என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கும் வரை, பட்ஜெட்டில் கத்தரி முதலில் அங்கேதான் விழும். 2015 வெள்ளத்தையும் 2019 வறட்சியையும் நாலே ஆண்டு இடைவெளியில் பார்த்த நகரம் சென்னை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, பூங்காவில் குளம் வெட்டி மழைநீரை உறிஞ்சவைக்கும் ‘ஸ்பான்ஞ்’ பூங்காக்களை மாநகராட்சி அமைக்கத் தொடங்கியது. கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது. அங்கே வெட்டப்பட்ட குளங்கள் வேளச்சேரிப் பக்கம் பாயும் வெள்ளத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அதில் 118 ஏக்கரில் பூங்கா அமைப்பதாகவும் அரசு அறிவித்திருக்கிறது.

இந்தத் திசை சரியானது. வெள்ளத் தடுப்பு, நிலத்தடி நீர், வெயில் தணிப்பு, மக்கள் நல்வாழ்வு என்று பூங்கா செய்யும் வேலைகளைக் கணக்கில் கொண்டுவந்தால், அந்தத் துறைகளின் நிதியும் பூங்காவுக்கு வரும். மழைநீர் வடிகாலை ஆண்டுதோறும் தூர்வாரப் பணம் ஒதுக்குவதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. மழைநீரைத் தாங்கும் பூங்காவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டால் தோட்டக்காரரின் சம்பளத்துக்கும் நிலையான இடம் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். குளம் வெட்டுவதாகச் சொல்லிக் குழந்தைகள் ஓடியாடும் தரையை முழுக்க விழுங்கிவிடக் கூடாது. மறுசீரமைப்பு என்ற பெயரில் மர அடிவரை சிமென்ட்டும் பேவர் பிளாக்கும் போட்டு மூடிவிட்டு, அதே பூங்காவில் மழைநீர்ச் சேகரிப்புப் பலகை வைப்பது கேலிக்கூத்து. கிண்டியிலும் ஜிப்லைனும் இசை நீரூற்றும் முதலில் வந்து, மரங்கள் பிறகு வருமா? நகரத்தின் நடுவில் இனி இப்படியொரு நிலம் கிடைக்கப்போவதில்லை. வரைபடம் இறுதியாகும் முன் அதை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்பது அரசின் கடமை.

மாற்ற வேண்டியது எதை?

முதலாவதாக, பூங்கா மதிப்பீட்டில் கட்டுமானச் செலவோடு பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும், அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத மதிப்பீட்டுக்கு நிர்வாக ஒப்புதல் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியே பாதி ஆடம்பரத்தைத் தானாகக் குறைத்துவிடும்.

இரண்டாவதாக, மறுசீரமைப்பின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் மண், தண்ணீர், மரம், விளக்கு, கழிப்பறை. அடுத்து இருக்கையும் விளையாட்டுக் கருவியும். அலங்கார வளைவும் நீரூற்றும் பணம் மிஞ்சினால் மட்டும். நம்முடைய டெண்டர்களில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

மூன்றாவதாக, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா உள்ளாட்சிகளும் பூங்காப் பட்டியலை வரைபடத்தோடு இணையத்தில் வெளியிட வேண்டும். எந்தப் பூங்காவுக்குக் கடைசியாக எப்போது, எவ்வளவு செலவானது என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலின் அடியில் இருக்கும் பூங்காக்களுக்குத்தான் அடுத்த ஆண்டு நிதியில் முதல் பங்கு.

நான்காவதாக, பயன்படுத்துகிறவர்களைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் குரல் அங்கே தானாகவே ஒலித்துவிடும். மதியத்தில் உட்கார நிழல் தேடும் டெலிவரி இளைஞர்கள், வீட்டு வேலை முடித்துவரும் பெண்கள், பந்து விளையாட இடமில்லாத பதின்வயதினர் ஆகியோரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். நண்பகலில் பூங்காவைப் பூட்டிவைத்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இருக்கும் சட்டங்களையும் இருக்கும் பணத்தையும் ஒழுங்காகப் பயன்படுத்தும் வழிகள். இவற்றைச் செய்யவைக்கும் அழுத்தம் வாக்காளர்களிடமிருந்துதான் வர வேண்டும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். நம் வார்டு பூங்காவில் இன்றைக்குச் சம்பளம் வாங்கும் தோட்டக்காரர் எத்தனை பேர்? திறந்தவெளி ஒதுக்கீட்டுக்காக நம் பகுதியில் வசூலான பணம் எவ்வளவு, எங்கே செலவானது? கட்டப்போகும் பூங்காவை ஐந்தாம் ஆண்டில் யார், எந்தப் பணத்தில் காப்பார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு டெண்டர் விட்டால் போதும். அதுவரை திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்க வேண்டாம்.